தாமலிலிருந்து ஒரகடத்துக்கு ஐந்து இலைகள்

காலை 6.00, தாமல்.

வைகாசி பிறந்துவிட்டதால் ஏரியில் மதகுப் பக்கம் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஒதுங்கி நின்றது. மற்ற இடமெல்லாம் வெடித்த சேறு. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் இந்த ஊருக்கு நான் ஏரி பார்க்க வரவில்லை. இந்தப் பக்கம் வருகிறவர்கள் சாமி பார்க்க வருவார்கள், சேலை எடுக்க வருவார்கள். மெதுவாக வேன் ஓட்டுகிறார் என்று குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காகப் பேச நான் வந்திருந்தேன். போக்குவரத்துத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேகமாக ஓட்டியதற்காக எத்தனையோ பேருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. மெதுவாக ஓட்டியதற்கு விளக்கம் கேட்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

டீக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்றேன். கம்மியாகப் போட்டிருப்பதாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு ரூபாய். குடித்து முடிப்பதற்குள் தனசேகர் வேனைத் துடைத்துவிட்டு வந்தார்.

தனசேகரின் அப்பா எங்கள் அலுவலக ஜீப்பை ஓட்டியவர். பையனை அரைக்கால் சட்டையில் பார்த்திருக்கிறேன். இப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும், சொந்தமாக ஒரு வேன் இருக்கிறது. தாமலில் ஆரம்பித்து, காஞ்சிபுரம், ஐயம்பேட்டை, வாலாஜாபாத் வழியாக ஒரகடத்தில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகிறார். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வேன் அவருடையது, டீசல் அவருடையது, வழித்தடம் மட்டும் ஒப்பந்தக்காரருடையது. அந்த வழித்தடம்தான் இன்று போகப் போகிறது.

"இன்னிக்கும் இலை விழுந்துச்சுன்னா நாளையிலேர்ந்து வராதன்னுட்டாங்க சார்," என்றார் தனசேகர். "வேற எந்தக் கம்பெனியிலயும் இப்ப வண்டி எடுக்கறதில்ல. ஏரிக்கரையில நிறுத்திட்டு ஆடு கட்டலாம்."

இலை என்பது என்ன என்று சொல்ல வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் கண்ணாடியில் ஒரு கைபேசி ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் ஒப்பந்தக்காரர் கொடுத்த செயலி. முதல் ஆளை ஏற்றியதிலிருந்து தொழிற்சாலை வாசலைத் தொடும் வரை வண்டியின் சராசரி வேகத்தை அது கணக்கிடுகிறது. சராசரி முப்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில் இருந்தால் ஐந்து பச்சை இலை. முப்பத்தைந்துக்குக் கீழே இறங்க இறங்க ஒவ்வோர் இலையாக உதிரும். இலைகளைக் கூட்டித் தொழிற்சாலை ஓர் அறிக்கை தயாரித்து, கடல் கடந்த தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறது. பூமி சூடாகாமல் இருக்க அவர்கள் எடுத்துக்கொண்ட முயற்சி அது.

நோக்கம் நல்லது. நான் பார்த்த பெரும்பாலான சுற்றறிக்கைகளின் நோக்கமும் நல்லதாகத்தான் இருந்தது.

காலை 6.30.

வண்டி புறப்பட்டது. மூன்று பேர் ஏறியிருந்தார்கள், ஏறியவுடன் மூவரும் தூங்கிவிட்டார்கள். தனசேகர் நெடுஞ்சாலையில் ஐம்பத்தைந்தில் நிதானமாகப் போனார். எங்களை லாரிகள் தாண்டின, கார்கள் தாண்டின, கோழிக்கூண்டு ஏற்றிய சிறு வண்டி ஒன்றும் தாண்டியது. கோழிகள் எங்களைத் திரும்பிப் பார்த்தன.

இதைப் படிப்பவர்களில் கார் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள் என்பதால் ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கும் மேல் கரியமில வாயு வெளியே போகும். எந்தச் சலுகையாலும் அதைக் குறைக்க முடியாது. ஆகவே, ஒரு கிலோமீட்டர் போக எவ்வளவு டீசல் எரிகிறது என்பது மட்டும்தான் கேள்வி. ஊருக்குள் ஊர்ந்தால் அதிகம் எரியும். வண்டி நின்றாலும் இன்ஜின் குடித்துக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் பறந்தாலும் அதிகம் எரியும். வேகம் இரண்டு மடங்கானால் காற்று நான்கு மடங்கு எதிர்த்துத் தள்ளும். இரண்டுக்கும் நடுவில், ஐம்பதிலிருந்து எழுபது வரை, வண்டி குறைவாகக் குடிக்கும் ஓர் இடம் இருக்கிறது. தனசேகர் அந்த இடத்தில்தான் இருந்தார். டாஷ்போர்டில் லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் என்று காட்டியது.

ஆனால் செயலிக்கு இது தெரியாது. அதற்குச் சராசரி மட்டும்தான் தெரியும். ஊருக்குள் ஊர்ந்துவிட்டு, வெளியே வந்து பறந்தால், இரண்டு கெடுதலும் சேர்ந்து நல்ல சராசரி ஆகிவிடும். ஒருவன் பகலெல்லாம் பட்டினி கிடந்து ராத்திரி மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டால், செயலியின் கணக்கில் அவன் அளவாகச் சாப்பிடுகிறவன். மேல் வரம்பான அறுபதைத் தாண்டித் தண்டனை வாங்க வேண்டுமானால் இந்தத் தடத்தில் ஹெலிகாப்டரில்தான் வர வேண்டும்.

"மத்த டிரைவருங்க இன்னா பண்றாங்க?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன்.

"வாலாஜாபாத் தாண்டினா நூறு சார். அஞ்சு இலை அள்ளிடுவாங்க. டீசல்தான் தண்ணியா போகுது. நான் அப்பா சொல்லிக்குடுத்த மாதிரி ஓட்டிக்கினு இருந்தேன். சாதாரண நாள்ல முப்பத்தஞ்சு தொட்டுக்கும். இப்ப வரதர் உற்சவம் ஆரம்பிச்சதுலேர்ந்து ரெண்டு இலை, மூணு இலைதான்."

என்னுடைய திட்டம் எளிமையானது. தொழிற்சாலையில் சுற்றுச்சூழல் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். அவரிடம் காலை எட்டரைக்கு நேரம் வாங்கியாகிவிட்டது. இன்று தனசேகர் வழக்கம்போல ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். பார்த்ததை நேரில் போய்ச் சொல்வேன். எந்த விதியையும் அதைப் போட்டவரிடமே போய்க் கேட்பதுதான் முதல் படி. மேலே இருப்பவரிடம் நேராகப் போனால், அவர் கீழே இருப்பவரிடம் கருத்துக் கேட்பார். கீழே இருப்பவர் கருத்துச் சொல்லவே மாட்டார்.

காலை 6.50, காஞ்சிபுரம்.

பிள்ளையார்பாளையத்தில் ஆறு பேர் ஏறினார்கள். தெருவில் தறிச் சத்தம் ஆரம்பித்திருந்தது. ஒரு வீட்டு வாசலில் இருந்து கலைவாணி ஓடி வந்து ஏறினார். வீட்டில் கணவரும் மாமனாரும் பட்டு நெய்கிறார்கள். இவர் ஒரகடத்தில் கார் இருக்கைகளின் தையலைச் சரிபார்க்கிறார். முன் சீட்டில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னாண்ணா, புது ஆளு? செக்கிங்கா?"

"சார் ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்தவரும்மா."

"இருந்தவரா?"

"ரிட்டயர்டு," என்றேன்.

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று கேட்டுவிட்டு என் பின்னால் உட்கார்ந்தார். இவ்வளவு சுருக்கமாக என் நிலையை ஓய்வூதிய அலுவலகம்கூட எழுதியதில்லை.

காந்தி ரோட்டை நெருங்கும்போது வண்டிகள் நின்றுவிட்டன. எதிரே மேளம் கேட்டது. காலைப் புறப்பாடு. வரதர் பெரிய காஞ்சிபுரம் வரை போய்விட்டுத் திரும்புகிற உற்சவம். ஒவ்வொரு கடை வாசலிலும் தட்டு காத்திருக்கும், ஒவ்வொரு தட்டுக்கும் சாமி நிற்பார். தோளில் சுமக்கிறவர்களின் நடை வேகத்தைக் கூட்டுவதற்கு இன்னும் எந்தச் செயலியும் வரவில்லை.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் இடதுபுறச் சந்துப் பக்கம் காட்டி, "வேனெல்லாம் இப்படி போ, இப்படி போ" என்று கையை ஆட்டினார். சந்து காலியாக இருந்தது. முன்னால் ஐந்தாறு கம்பெனி வேன்கள் நின்றன. ஒன்றும் அசையவில்லை. தனசேகரும் அசையவில்லை.

"அந்தப் பக்கம் போகலாமே?" என்றேன்.

"சாமி எதிர்ல வந்துக்கினு இருக்கும்போது திருப்பிக்கினு போறதா?" தனசேகர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாரும் போக மாட்டாங்க சார்."

காவலரும் இரண்டு முறை ஆட்டிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட ஆரம்பித்தார்.

தனசேகர் இன்ஜினை அணைத்தார். மற்ற வேன்களில் அணைக்கவில்லை, ஏசி வேண்டுமே. எல்லா வேன்களும் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தன.

"அண்ணா, ஏசி போடுண்ணா. வெந்துக்கினு இருக்கோம்."

"சாமி போற வரைக்கும் ஆப்புதாம்மா. கதவத் தொறந்து உடு, காத்து வரும்."

"எங்க காத்து? பக்கத்து வண்டிப் பொகைதான் வருது. அவங்க ஜில்லுனு குந்திக்கினு இருக்காங்க. நாம அவங்க பொகைய மோந்துக்கினு இருக்கறோம். நல்லா இருக்குதுண்ணா உன் சிக்கனம்."

பின்னால் சிரித்தார்கள். தனசேகரும் சிரித்தார். சாமி அருகில் வந்ததும் இறங்கிப் போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கூட்டத்தில் கை நீட்டிக் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தார். கலைவாணிக்கும் கொஞ்சம் துளசி கொண்டுவந்தார். அவர் அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். ஏசியைப் பற்றி அப்புறம் பேசவில்லை. அலங்காரமும் பூவும் குடையும் வெயிலில் மெல்லத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தன. அந்தத் தெருவில் அப்போது எதையும் எரிக்காமல் நகர்ந்தது அது ஒன்றுதான், சூடத்தைத் தவிர.

கைபேசியில் ஓர் இலை உதிர்ந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று, அப்புறம் மூன்றாவதும். உதிரும்போது ஒரு மணிச் சத்தம் வருகிறது. இனிமையான சத்தம்தான். அதைத் தேர்ந்தெடுக்க ஒரு கூட்டம் நடந்திருக்கும்.

காலை 7.25.

ஊரைவிட்டு வெளியே வந்தோம். ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவில் இரண்டு பேரை ஏற்றினோம். வாலாஜாபாத் வரை ஒற்றைச் சாலை, ஐம்பது, ஐம்பத்தைந்து. தனசேகர் தன் வழியில் ஓட்டினார். எனக்குத் திருப்தியாகவே இருந்தது. எட்டரை மணிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். முதலில் பாராட்டு, பிறகு சந்தேகம், பிறகு ஆலோசனை. ஆலோசனையை அவரே சொன்னது மாதிரி முடிக்க வேண்டும்.

வாலாஜாபாத் வந்தபோது மணி 7.45. கைபேசி அடித்தது. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் மூர்த்தி. தனசேகர் ஸ்பீக்கரில் போட்டார்.

"தனசேகரா, இன்னாபா இது? ரெண்டு இலை காட்டுது இங்க."

"சாமி வந்துச்சுண்ணா. எல்லா வண்டியும் நின்னுச்சு."

"எல்லா வண்டியும்தான் நின்னுச்சு. எல்லா வண்டியும் இலைய ஏத்திக்கினு வருது பாரு. உன்னுது மட்டும் கெடக்குது. நான் இன்னா சொல்லட்டும் மேல? நாளைக்கு வேற வண்டி போட்டுட்டேன். நீ இன்னிக்கு வாசலுக்கு வர்றதுக்குள்ள அஞ்சு ஆச்சுன்னா அதை கேன்சல் பண்றேன். இல்லன்னா உட்டுடு, சண்டை வேணாம்."

"சார் வந்திருக்காருண்ணா. எட்டரைக்கு உள்ள பேசறாரு."

"பேசட்டும்பா. பேசறதுக்கு இலை கெடையாது."

வைத்துவிட்டார். எதிரே ஒரகடம் போகும் அகலச் சாலை திறந்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று வரிசை, நடுவில் அரளிச்செடி. ஒரு காலத்தில் இருபுறமும் புளியமரம் இருந்த வழி. இருபது கிலோமீட்டர் நேர்கோடு. காந்தி ரோட்டில் எங்களோடு நின்ற வேன்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. தாண்டும்போது வேன் காற்றில் ஆடியது.

தனசேகர் அறுபதில் இருந்தார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சார், நீங்க உள்ள போய்ச் சொன்னா இன்னிக்கே மாத்துவாங்களா?"

எனக்கு நடைமுறைகள் தெரியும். அதுதான் பிரச்சினை. அந்தப் பொறுப்பாளர் கவனமாகக் கேட்பார். குறித்துக்கொள்வார். மேலே எழுதுகிறேன் என்பார். மேலே இருப்பவர் செயலி செய்த நிறுவனத்தைக் கேட்பார். அவர்கள் அடுத்த பதிப்பில் பார்க்கிறோம் என்பார்கள். இவை எல்லாம் நல்லபடியாக நடந்தால் மழைக்காலத்துக்குள் ஒரு பதில் வரலாம். தாமல் வண்டி நாளைக் காலையிலேயே மாறிவிடும்.

மனத்துக்குள் கணக்குப் போட்டேன். இதே அறுபதில் போனால் சராசரி முப்பத்து மூன்றைத் தாண்டாது. நூறில் போனால் முப்பத்தாறு.

"இன்னிக்கு மாத்த மாட்டாங்கப்பா," என்றேன்.

"அப்ப?"

கண்ணாடியில் கலைவாணியின் முகம் தெரிந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டுப்பா," என்றேன்.

தனசேகர் வலது வரிசைக்கு மாறினார். எழுபது, எண்பது, தொண்ணூறு. ஜன்னல் கம்பி ஊளையிட்டது. நூறைத் தாண்டியபோது வேன் முழுக்க ஒரு நடுக்கம் வந்தது. பின்னால் தூங்கியவர்கள் எழுந்துகொண்டார்கள்.

"அப்படிப் போடுண்ணா!" என்றார் ஒருவர்.

கலைவாணி மட்டும் முன்னால் குனிந்து, "சாரா சொன்னாரு?" என்று கேட்டார். தனசேகர் தலையாட்டினார். "ரிட்டயர்டு ஆனாலும் பரவால்ல," என்றார் கலைவாணி. அது பாராட்டா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். லிட்டருக்குப் பதினொன்று என்றிருந்தது பத்தாகி, ஒன்பதாகி, ஏழில் வந்து நின்றது. கைபேசியில் மூன்றாவது இலை முளைத்தது. பிறகு நான்காவது. முளைக்கும்போதும் அதே மணிச் சத்தம்தான்.

"இலை ஏறுது, முள்ளு எறங்குது, பாருங்க சார்," என்றார் தனசேகர், டீசல் முள்ளைக் காட்டி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் அப்பாவுக்கும் அதே சிரிப்பு. வண்டி நடுவழியில் நின்றுபோனால் மட்டும் வரும்.

காலை 7.57, ஒரகடம்.

தொழிற்சாலை வாசல் வளைவைத் தொட்டபோது ஐந்தாவது இலை வந்தது. சராசரி முப்பத்தாறு. வேனுக்குள் கை தட்டினார்கள்.

வாசல் திறக்கவில்லை. ஷிப்ட் எட்டேகாலுக்குத்தான், எட்டு ஐந்துக்கு முன்னால் யாரையும் உள்ளே விடுவதில்லையாம். எங்களுக்கு முன்னால் பறந்து வந்த வேன்கள் எல்லாம் வரிசையாக நின்றுகொண்டிருந்தன, ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டபடி. வாசலைத் தொட்டதும் செயலி கணக்கை முடித்துவிடுவதால் இந்தப் புகைக்கு இலை கிடையாது. அறுபதிலேயே வந்திருந்தாலும் சரியாக வாசல் திறக்கும் நேரத்துக்கு வந்திருப்போம்.

தனசேகர் சாவியில் கை வைத்தார். பின்னால் திரும்பி வியர்த்த முகங்களைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு ஏசியைப் போட்டார். அன்று காலை அவர் இன்ஜினை அணைக்காமல் நின்றது அதுதான் முதல் முறை.

காலை 8.40.

பார்வையாளருக்கான எல்லாச் சடங்குகளையும் முறைப்படி முடித்தேன். புகைப்படம் எடுத்தார்கள். கைபேசியின் கேமரா மேல் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். தீ விபத்து ஏற்பட்டால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று ஒரு படம் காட்டினார்கள். சுற்றுச்சூழல் பிரிவுப் பொறுப்பாளர் ஹரிஷ் என்ற இளைஞர். எழுந்து நின்று வரவேற்றார், தண்ணீர் கொடுத்தார். இப்படிப்பட்டவர்களிடம் கோபப்பட முடியாது. அதுவும் ஒரு தொல்லை.

"உங்க வண்டி ரிப்போர்ட் பார்த்துட்டேன் சார்," என்றார் நான் வாயைத் திறக்கும் முன்பே. கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். "கொஞ்ச நாளா ரெண்டு, மூணுன்னு கீழயே இருந்தது. இன்னைக்கு அஞ்சு. நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக் கொடுத்ததாலதான்னு நினைக்கிறேன்."

ஒரு வகையில் அது உண்மை.

"இந்தச் சராசரியை எப்படி எடுத்தான்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

"எப்படி சார்?"

அங்கே நின்றுவிட்டேன். நூறில் ஓட்டி எடுத்தான் என்று சொன்னால், என் வாதம் முழுவதும் நிரூபணம் ஆகிவிடும். ஊழியர்களை ஏற்றிக்கொண்டு நூறைத் தாண்டி வேன் ஓட்டியவர் என்று தனசேகர் பெயரும் பதிவாகிவிடும். அதற்கான நடைமுறை எனக்கு நன்றாகத் தெரியும். அது மட்டும் தாமதமில்லாமல் நடக்கும். ஒழுங்காக ஓட்டியதற்கு ஆதாரம் இருந்தவரை அவருக்கு வேலை இல்லை. வேலை வந்தபிறகு ஆதாரத்தைச் சொல்ல முடியாது.

"உச்சபட்ச வேகம் எவ்வளவுன்னு இதுல காட்டுமா?" என்று கேட்டேன்.

"அந்தக் கட்டமே இதுல இல்ல சார். ஆவரேஜ்தான் கேட்டிருக்காங்க."

"எவ்வளவு டீசல் ஆச்சுன்னு?"

"டீசல் வண்டிக்காரரோடது சார். எங்க கணக்குல வராது." அவர் அதை மறைக்கவில்லை. மேசை மேல் வைத்திருந்த தண்ணீரைப் போல இயல்பாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒரு சின்ன உதவி சார். ஓய்வுபெற்ற போக்குவரத்து அதிகாரி மேற்பார்வையில் முன்னேற்றம்னு இந்த மாச அறிக்கையில ஒரு வரி போட்டுக்கலாமா? உங்க பேர் போட மாட்டோம்."

நான் தண்ணீரைக் குடித்தேன். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

காலை 9.30.

தனசேகர் வாசலுக்கு வெளியே காத்திருந்தார். வெயில் தலைக்கு ஏறிவிட்டது.

"மூர்த்தியண்ணன் போன் பண்ணாரு சார். வேற வண்டியை கேன்சல் பண்ணிட்டாராம்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள இன்னா சொன்னாங்க?"

"பாராட்டினாங்க."

"கணக்கு தப்புன்னு சொன்னீங்களா?"

"சொல்லலப்பா."

அவர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். கேட்காமல் விட்டதில் இருந்து தெரிந்தது. "பரவால்ல சார். இனிமே ஊருக்கு வெளிய வந்தா ஆக்சிலேட்டர மெரிக்க வேண்டியதுதான். அப்பா பார்த்தா செருப்பால அடிப்பாரு." காஞ்சிபுரம் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்றார். நான் தாம்பரம் பேருந்தில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் வண்டி திரும்பி அந்த அகலச் சாலையில் ஏறியது. காலியாக, யாருக்கும் எந்த இலையும் காட்ட வேண்டாத பயணம். போன வேகத்தைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டவில்லை.

காலை 10.15.

பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. வீட்டுக்குப் போனால் என் மகன் எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்பான். காஞ்சிபுரம் என்றால், சாமி பார்த்தீர்களா என்பான். பார்த்தேன். எங்கள் குடியிருப்பிலும் மாடியில் சூரியத் தகடு வைத்துவிட்டு, மூன்றாம் தெருவில் இருக்கும் காய்கறிக் கடைக்குக் காரில் போகிறார்கள். அங்கே கூட்டத்தில் எழுந்து நின்று பேசுவதற்கு என்னிடம் நேற்று வரை நிறைய இருந்தது. இன்று காலை இருபது கிலோமீட்டரில் அதைச் செலவழித்துவிட்டேன்.

படப்பை தாண்டும்போது கைபேசியில் தனசேகர் ஒரு படம் அனுப்பியிருந்தார். செயலியின் திரை. ஐந்து இலை. கீழே "உங்களாலதான் சார்" என்று எழுதியிருந்தார்.

கேமரா மேல் ஒட்டிய தாள் இன்னும் அப்படியே இருந்தது. உரிக்கத் தோன்றவில்லை. இலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல பச்சை. ஜன்னலுக்கு வெளியே, தாம்பரம் வரையில், அந்த நிறத்தில் எதுவும் இல்லை.